சாமியாகிவிட்ட பெட்டி

என் அண்ணன் ஹரிசங்கர் தாஸ்மேனியாவில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். சால்மன் மீனைத் துண்டு போடும் வேலை. அங்கிருந்தபடி பினாங்கில் இருக்கும் எங்கள் வீட்டைப் பார்க்க அவனுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. கொடிமலைக்கு ஏறும் பாதையில், ஒரு பாறைக்கு அடியில் அவன் ஒளித்து வைத்திருந்த பச்சைத் தகரப்பெட்டிதான் அந்த வழி. அது காணாமல் போய்விட்டது.

ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. உலகம் முழுக்க ஆடுகிறார்கள். யாராவது ஒரு பெட்டியைக் காட்டிலோ மலையிலோ ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தின் எண்களை இணையதளத்தில் போடுவார்கள். மற்றவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தேடி வருவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, விரும்பினால் ஒரு சின்னப் பொருளையும் போட்டுவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான். எனக்கு இதில் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. அண்ணன் புறப்படுவதற்கு முந்தைய வாரம், துணைக்கு வா என்று கூப்பிட்டதால் நானும் ஏறினேன். ஆயர் ஈத்தாம் அணைக்கட்டைத் தாண்டி, ஜாதிக்காய் மரங்களைத் தாண்டி, மூச்சு வாங்கி நின்ற ஒரு திருப்பத்தில் அவன் அந்தப் பாறையைக் காட்டினான்.

“இதுமேல ஏறிப் பாரு,” என்றான்.

ஏறிப் பார்த்தேன். கீழே எங்கள் ஆயர் ஈத்தாம் முழுவதும் தெரிந்தது. வரிசையாக ஃபிளாட் கட்டடங்கள். இடப்பக்கக் கடைசிக் கட்டடத்தின் மேல்மாடியில், மூலையில் இருப்பது எங்கள் வீடு. துணிக்கொடிகூடத் தெரிந்தது.

இணையதளத்தில் அந்தப் பெட்டிக்கு அவன் ஒரு வேண்டுகோள் வைத்தான். கண்டுபிடிக்கிறவர்கள் பாறையின்மேல் ஏறி, கீழே தெரியும் காட்சியைப் படம் எடுத்துப் போட வேண்டும். ஏதோ அழகான இடம் போலிருக்கிறது என்று ஆட்களும் போட்டார்கள். ஒருவர் பெட்டியைக் கண்டுபிடித்ததும் அண்ணனுக்கு மின்னஞ்சல் போகும். அவன் உடனே படத்தைத் திறந்து, இடப்பக்க மூலையைப் பெரிதாக்கிப் பார்ப்பான்.

நான் ஒருமுறை கேட்டேன். “வீட்டைப் பாக்கணும்னா எங்கிட்ட சொல்லேன். தினமும் எடுத்து அனுப்புறேன்.”

“நீ அனுப்பினா அது நீ எனக்குக் காட்டுறது. இது வேற லா, கீர்த்தி. தெரியாத ஆளு எடுக்கறப்போ வீடு அது பாட்டுக்கு இருக்கும்.”

அதன் பொருள் எனக்கு அப்போது சரியாகப் புரியவில்லை. ஒருநாள் அலுவலகத்தில் இருந்தபோது அவன் அழைத்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான். முந்தைய நாளிலிருந்து அம்மாவுக்குக் காய்ச்சல். நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. எப்படித் தெரியும் என்றேன். ஒரு ஜப்பான்காரர் காலையில் படம் போட்டிருக்கிறார், அதில் அம்மா இல்லாமல் அப்பா துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறார் என்றான்.

அப்பாவும் அவனும் பேசிக்கொள்வதில்லை. மூன்று தீபாவளி போய்விட்டது. எங்கள் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவர். அப்பா பரமநாதனும் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் கணக்காளர் ஆவான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அண்ணன் கடைசி வருடத்தில் படிப்பை விட்டான். மீன் வெட்டப் போகிறவனுக்கு இந்த வீட்டில் என்ன வேலை என்று அப்பா கேட்டார். ஒன்றும் இல்லை என்று அண்ணன் சொன்னான். இரண்டு பேருமே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவுடன் அவன் வாரம் ஒருமுறை பேசுவான். அப்போது அப்பா எழுந்து குளியலறைக்குப் போய்விடுவார்.

ஆகவே பெட்டி முக்கியம். அதைக் காணவில்லை என்று வரிசையாக ஆட்கள் எழுதத் தொடங்கியதும் அண்ணன் கலங்கிப் போனான். ஹைக்கல் என்ற இன்னொரு ஆட்டக்காரரிடம் கெஞ்சி, பாறைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வேருக்கு அடியில் வேறொரு டப்பாவை வைக்கச் சொன்னான். அதுவும் காணாமல் போனது. இணையதளத்தைக் கவனித்துக்கொள்கிறவர் கடைசியாக எழுதிவிட்டார்: மாத முடிவுக்குள் பெட்டி சரிசெய்யப்படாவிட்டால் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். எடுத்தால் எடுத்ததுதான். மறுபடி சேர்க்க மாட்டார்கள்.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை நானும் ஹைக்கலும் மலை ஏறினோம்.

ஹைக்கலுக்கு என் வயதுதான் இருக்கும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவருடைய அத்தாவுக்குத் துணிக்கடை. பேசிக்கொண்டே ஏறுவார், மூச்சு வாங்காது. எனக்கு ஒரு சொல் பேச இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது.

“உங்கண்ணனுக்காக எங்கம்மாவோட கேக் டப்பாவ எடுத்துட்டு வந்து வெச்சேன்,” என்றார். “ஹரி ராயா பெருநாளுக்கு வாங்குனது. இன்னும் தேடிட்டு இருக்காங்க. என் தங்கச்சி சுஹானா மேல பழி போயிருக்கு.”

“நீங்க சொல்லலையா?”

“பைத்தியமா? மலையில காட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சேன், இப்ப காணோம்னு சொன்னா என்னைய எங்கே கூட்டிட்டுப் போவாங்க தெரியுமா?”

திருப்பத்தை நெருங்கியபோது அவர் பேச்சைக் குறைத்தார். “இன்னொரு விசயம். நான் தளத்துல எழுதல, உங்கண்ணன்கிட்டயும் சொல்லல. அந்தப் பாறைக்கிட்ட ஒரு சாமி மேடை வந்திருக்கு. போன தடவ பாத்தேன். எண்ணெல்லாம் நேரா அதுக்குள்ள தான் போய் நிக்குது. நான் கை வெக்கல. எப்படி வெப்பேன்?”

எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் யாரும் வைக்க மாட்டார்கள். வழியோரத்தில் மஞ்சள் துணியும் பூவும் இருந்தால் மலாய்க்காரர் ஒதுங்கிப் போவார், சீனர் தலை குனிந்து போவார், தமிழர் செருப்பைக் கழற்றுவார். உள்ளே கையை விட்டுத் துழாவுகிற ஆள் பினாங்கில் பிறக்கவில்லை. தேடி வந்த எல்லோரும் கைப்பேசியைப் பார்த்து, மேடையைப் பார்த்து, ‘கிடைக்கவில்லை’ என்று எழுதிவிட்டு இறங்கியிருக்கிறார்கள். ஏன் கிடைக்கவில்லை என்று ஒருவரும் எழுதவில்லை. அடுத்தவர் சாமியைப் பற்றி எதற்குப் பேச்சு என்று நினைத்திருப்பார்கள்.

பாறையின் அடியில், அண்ணன் பெட்டி வைத்த குழிக்கு முன்னால், செங்கல் அடுக்கி ஒரு சின்ன மேடை கட்டியிருந்தது. முழங்கால் உயரம். மேலே ஒரு பலகைக்கல். மஞ்சள் துணி திரைபோலத் தொங்கியது. செம்பருத்திப் பூக்கள் வாடிக் கிடந்தன. ஒரு பக்கம் ஊதுபத்தி எரிந்த சாம்பல்; அதன் அருகே இரண்டு மாண்டரின் ஆரஞ்சுப் பழங்கள். சீனர்களும் வந்து கும்பிடுகிறார்கள் போலிருந்தது.

துணியின் ஓரம் காற்றில் விலகியது. உள்ளே பச்சை நிறம் தெரிந்தது.

நான் குனிந்து துணியைத் தூக்கினேன். அண்ணனின் தகரப்பெட்டி அங்கே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. முன்பக்கத்தில் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். அதன் மடியில் இருப்பதுபோல ஒரு நீல மூடி டப்பா. அதற்கும் பொட்டு இருந்தது.

“யா அல்லா,” என்றார் ஹைக்கல். “எங்கம்மா கேக் டப்பா.”

நான் கையை நீட்டினேன்.

“ஏய்! சப்பாத்தோட நிக்கிறே! எடு கைய!”

பின்னால் பாதையில் ஓர் அம்மாள் வந்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். டிராக் பேன்ட், மேலே நீளமான சட்டை, கையில் பூக்கள் நிறைந்த பிளாஸ்டிக் பை. அந்தச் செங்குத்தில் எங்களை நோக்கி ஓடியே வந்தார். நான் காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினேன். ஹைக்கல் ஏற்கெனவே நாலடி பின்னால் போயிருந்தார்.

“தமிழ்ப் பிள்ளையா இருந்துக்கிட்டு இப்படியா? எந்தக் கோயில்ல இப்படிச் சப்பாத்தோட போய்த் திரையத் தூக்குவே?”

“மன்னிச்சிருங்கக்கா. தெரியாம…”

“தெரியாமயா? பூ கெடக்கு, பொட்டு இருக்கு. இன்னும் என்ன, போர்டு எழுதி வெக்கணுமா?”

திட்டி முடித்ததும் அவருக்குக் கோபம் போய்விட்டது. அப்படி ஓர் ஆள். தண்ணீர்ப் புட்டியைத் திறந்து மேடையைக் கழுவினார். வாடிய பூவை எடுத்துப் புதுப் பூ வைத்தார். எனக்குக் குங்குமம் கொடுத்தார். ஹைக்கலைப் பார்த்து, “நீ முஸ்லிம் பையனா தம்பி? சரி, ஆரஞ்சு எடுத்துக்கோ, பழத்துக்கு மதம் கிடையாது,” என்று ஒரு பழத்தைத் தூக்கிப் போட்டார். பிறகு உட்கார்ந்து, கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

அவர் பெயர் லோகேஸ்வரி. ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் வீடு. செபராங் ஜெயாவில் தொழிற்சாலை வேலை. கணவர் இறந்த பிறகு மகள் அதிராவை வளர்த்து ஆளாக்கினார். மகள் ஏதோ சண்டையில் வீட்டைவிட்டு ஜொகூருக்குப் போனாள். அழைத்தால் எடுப்பதில்லை. பிறகு எண்ணையும் மாற்றிவிட்டாள்.

“வீட்ல சும்மா இருந்தா செவத்தப் பாத்துக்கிட்டே இருப்பேன். அதான் மலை ஏற ஆரம்பிச்சேன். ஒரு நாளு நல்ல மழை விட்டிருந்திச்சு. இங்க உக்காந்தேன். மண்ணு கரைஞ்சு இந்தப் பொட்டியோட மூலை தெரிஞ்சிச்சு. தெறந்து பாத்தா என்னா இருக்கு தெரியுமா? பேரு. பேரு பேரா எழுதியிருக்கு தங்கச்சி. ஜப்பான், ஜெர்மனி, எங்கேருந்தெல்லாமோ. ஆளுக்கு ஒரு சின்ன சாமானும் போட்டிருக்காங்க. பொம்மை, காசு, பட்டன். வேண்டுதல்தானே அது? நானும் எம்மக பேர எழுதினேன். கையில ஒண்ணும் இல்ல, தலையில இருந்த கிளிப்பைப் போட்டுட்டு வந்தேன். அன்னைக்குச் சாயங்காலமே போன் அடிச்சிச்சு.”

“மகளா?”

“அவதான்! ரெண்டு வருசம் கழிச்சு.” அவர் கண்ணைத் துடைக்கவில்லை, சிரித்தார். “அதுக்கப்புறம் இத வெளிய கெடக்க விடுவேனா? செங்கல் ஒவ்வொண்ணா தூக்கிட்டு வந்து நானே கட்டினேன். கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா, அந்த வேருக்கடியில இன்னொரு பொட்டி! தானா முளைச்சிருக்கு. சாமி பெருகுது பாத்துக்கோ.”

ஹைக்கலுக்குப் பழம் தொண்டையில் சிக்கியது.

ஹைக்கல் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். “வேற எங்கயாவது வெப்போம் லா. இத எப்படிச் சொல்றது?”

வேறு எங்கே வைப்பது? வீடு தெரிவது இந்தப் பாறையிலிருந்துதான். இதைச் சுற்றி எங்கே வைத்தாலும் ஒவ்வொரு ஞாயிறும் வரும் இந்த அக்கா கண்டுபிடித்துவிடுவார். எடுத்துச் சந்தனம் பூசிவிடுவார். சொல்லாமல் எடுத்துக்கொண்டு ஓடினால் அவர் அடுத்த வாரம் வந்து வெறும் மேடையைப் பார்ப்பார். மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்.

“அக்கா,” என்றேன். “இது எங்கண்ணன் வெச்ச பொட்டி.”

விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். இணையதளத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அதே பச்சைப் பெட்டியை அண்ணன் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தைக் காட்டினேன். அவர் கைப்பேசியை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அப்ப அந்தப் பேரெல்லாம்?”

“விளையாட வந்தவங்கக்கா.”

“ஜப்பான்காரனும்?”

“அவரும்தான்.”

“அவ்வளவு தூரத்திலேருந்து விளையாடவா வந்தான்?”

நான் தலையை ஆட்டினேன்.

“இந்த டப்பா?”

“அது நான் வெச்சதுக்கா,” என்றார் ஹைக்கல். “எங்கம்மாவோடது.”

லோகேஸ்வரி அக்கா இரண்டு பெட்டிகளையும் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, புதிதாக வைத்த பூவில் ஒன்று சரிந்திருந்ததை நேராக வைத்தார். பிறகு அதை வைத்திருக்கலாமா கூடாதா என்று தெரியாததுபோல மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். கீழே எங்கோ குரங்குகள் மரத்துக்கு மரம் தாவும் சத்தம் கேட்டது.

நான் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அண்ணனுக்கு வேறு ஏதாவது வழி கண்டுபிடித்திருக்கலாம். இவருக்கு நான் வேறு எதைக் கொடுக்க முடியும்?

ஹைக்கல்தான் கேட்டார். “அக்கா, அன்னைக்கு உங்க மக போன்ல என்னா சொன்னாங்க?”

“என்னத்த சொன்னா. ரசத்துக்குப் புளி எவ்வளவு போடணும்னு கேட்டா.”

“அதுக்கா கூப்பிட்டாங்க?”

“அதுக்குத்தான். ‘அம்மா, நாலு பேருக்கு ரசம் வெக்கணும், புளி எவ்வளவு?’ நான் எலுமிச்சங்கா அளவுன்னேன். சின்ன எலுமிச்சையா பெரிய எலுமிச்சையான்னா. சின்னதுன்னேன். அவ்வளவுதான் அன்னைக்கு.”

“அப்ப பொட்டியால இல்லையே அக்கா…” என்று ஹைக்கல் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அக்கா நிமிர்ந்தார். “ஏன் தம்பி, ரெண்டு வருசமா அவ ரசமே வெக்காமயா இருந்தா? அன்னைக்கு மட்டும் ஏன் எங்கிட்ட கேக்கத் தோணுச்சு? அதச் சொல்லு நீ.”

ஹைக்கல் ஆரஞ்சுத் தோலை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்கா என் பக்கம் திரும்பிக் கேட்டார். “உங்கண்ணன் எதுக்கு இதுக்கு இப்படி அலையிறான்? ஒரு தகரப் பொட்டி. வேற வாங்க முடியாதா?”

நான் அவரைப் பாறையின்மேல் ஏறச் சொன்னேன். அவர் என்னைவிட எளிதாக ஏறினார். ஃபிளாட்டைக் காட்டினேன், துணிக்கொடியைக் காட்டினேன். அம்மாவின் காய்ச்சலை அண்ணன் எப்படித் தெரிந்துகொண்டான் என்று சொன்னேன். அப்பாவைப் பற்றியும் சொன்னேன். அவர் எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“போன் போடு அவனுக்கு,” என்றபடி இறங்கினார். நானும் இறங்கினேன்.

தாஸ்மேனியாவில் நடுப்பகல் தாண்டியிருந்தது. அண்ணன் கம்பளிக் குல்லாயுடன் திரையில் வந்தான். “கெடச்சுதா?” என்றான் முதலில். நான் திரையை விலக்கிக் கைப்பேசியை மேடையின் பக்கம் திருப்பினேன். சந்தனம், குங்குமம், செம்பருத்தி. அவன் வாய் திறந்தபடி இருந்தது.

“சாப்டியா தம்பி?” என்று லோகேஸ்வரி அக்கா கைப்பேசிக்குள் முகத்தை நுழைத்தார்.

“சாப்… நீங்க யாரு?”

“உன் பொட்டிக்குப் பூசாரி.”

நான் நடந்ததைச் சொன்னேன். ரசத்துக்குப் புளி கேட்டு மகள் அழைத்ததையும் சொன்னேன். அண்ணன் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். முடி கலைந்திருந்தது, மெலிந்திருந்தான்.

“அக்கா,” என்றான் அவன், “அந்தப் பொட்டிய நீங்களே வெச்சுக்குங்க. எடுக்க வேணாம். தளத்துல நான் மூடிடறேன்.”

“மூடினா உனக்கு வீடு தெரியாதே.”

“பரவால்ல.”

அது பரவாயில்லை என்று சொல்லும் குரல் இல்லை. அக்காவுக்கும் அது தெரிந்தது. அவர் குனிந்தார். மேடைக்குள் கைவிட்டுப் பச்சைப் பெட்டியை எடுத்து, தன் சட்டை நுனியால் சந்தனத்தைத் துடைத்தார். குங்குமம் போகவில்லை; பச்சைப் பூச்சில் சிவப்பாகப் படிந்திருந்தது. “இது எங்க இருந்திச்சோ அங்கயே போகட்டும். நான்தான் எடுத்துத் தப்பா வெச்சிட்டேன். பொட்டி இல்லாட்டி என்ன, கல்லு இருக்கு,” என்றார். மேடையை நகர்த்த ஹைக்கல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து கேட்டார்: “நான் தொடலாமாக்கா?” இருவருமாகச் செங்கற்களைப் பாறையின் மறுபக்கத்துக்கு மாற்றி அடுக்கினார்கள். பெட்டி பழைய குழிக்குள் போனது. நீல மூடி டப்பாவை அக்கா ஹைக்கல் கையில் கொடுத்தார்.

“இதுல இனிமே கேக் வெக்கலாமாக்கா?”

“கழுவிட்டு வெக்கச் சொல்லு.”

நான் பாறைமேல் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியிலிருந்து அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். போய்விட்டானோ என்று நான் எடுத்துப் பார்த்தபோது இருந்தான்.

“கீர்த்தி,” என்றான். “அந்த அக்கா மக… புளி மட்டுந்தான் கேட்டாங்களா?”

“அவ்வளவுதான் கேட்டா,” என்றார் அக்கா, பூவை அடுக்கிக்கொண்டே. “அடுத்த வாரம் சாம்பார் கேட்டா. இப்ப எனக்கே சொல்லித் தரா.”

அண்ணன் வேறு எங்கோ பார்த்தான். அவன் பின்னால் ஒரு சின்னச் சமையலறை தெரிந்தது. சன்னலுக்கு வெளியே மழையா பனியா என்று தெரியாத வெளிச்சம்.

“அப்பாகிட்ட நான் என்ன கேக்கறது?” என்றான்.

மூன்று தீபாவளிகளில் அவன் அப்பா என்ற சொல்லை நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை. துணி காயப்போடுகிறார், வாசலில் நிற்கிறார் என்றுதான் சொல்வான்.

“உடம்பு எப்படி இருக்குன்னு கேளு,” என்றேன்.

“கேட்டா நல்லாயிருக்குன்னு சொல்லி வெச்சிருவாரு.”

“கார் ரிப்பேர்?” என்றார் ஹைக்கல்.

“எங்கப்பாவுக்குக் கார் ஓட்டவே தெரியாது லா,” என்றான் அண்ணன்.

“அவருக்கு என்ன நல்லாத் தெரியும்?” என்று அக்கா என்னைக் கேட்டார்.

நான் யோசித்தேன். அப்பாவுக்கு அலுவலகம் தெரியும், கோயில் கமிட்டி தெரியும், தேவாரம் தெரியும். இவற்றில் எதுவும் தாஸ்மேனியாவுக்கு உதவாது. அப்புறம் நினைவு வந்தது. எங்கள் மாடியில் யார் வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். ஆள் வைத்துச் செய்தால் அவருக்குப் பிடிக்காது.

“குழாய்,” என்றேன். “குழாய் ஒழுகினா அப்பாதான் சரி பண்ணுவாரு.”

“இங்க என் வீட்ல குழாய் ஒழுகலையே,” என்றான் அண்ணன்.

லோகேஸ்வரி அக்கா திரும்பிப் பார்த்தார். “ஒழுக வை.”

ஹைக்கல் வெடித்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. பின்னால் இருந்த சமையலறையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் தொடர்பைத் துண்டித்தான்.

நாங்கள் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தோம். பெட்டி சரிசெய்யப்பட்டது என்று தளத்தில் நான் எழுதினேன். அக்கா மறுபக்கத்து மேடைக்கு முன்னால் உட்கார்ந்தார். மஞ்சள் துணிக்குப் பின்னால் இப்போது ஒன்றும் இல்லை, பாறை மட்டும். அவர் கைகூப்பினார், இறக்கினார், மறுபடி கூப்பினார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. இறங்கும்போது அவர்தான் முன்னால் நடந்தார். வழுக்கும் இடங்களில் நின்று, “இங்க பாத்து வா தங்கச்சி,” என்றார். ஆயர் ஈத்தாம் சந்தையருகே பிரிந்தபோது, அடுத்த ஞாயிறு வருவீர்களா என்று கேட்டேன்.

“வரணும்,” என்றார். “பாப்போம்.”

எனக்கு அந்தப் ‘பாப்போம்’ உறுத்திக்கொண்டே இருந்தது. ஃபிளாட்டில் மின்தூக்கி வேலை செய்யவில்லை. மலை ஏறிய காலோடு மாடியும் ஏறினேன். எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபோது உள்ளே அப்பாவின் குரல் கேட்டது. யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். அப்பா எங்களோடு எங்களைப் போலத்தான் பேசுவார். அவசரம் வந்தால் மட்டும் அவருடைய அப்பாவின் யாழ்ப்பாணத் தமிழ் வந்துவிடும்.

“முதல்ல மெயின் பைப்பைப் பூட்டு. பூட்டினியோ? அதில்லை, மற்றப் பக்கம் திருப்பு. இறுக்கித் திருப்பு!”

நான் கதவருகே நின்றேன். அம்மா சமையலறை வாசலில் அகப்பையைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார். அப்பா கைப்பேசியை முகத்துக்கு முன்னால், மிக அருகில் பிடித்திருந்தார். அதிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் வந்தது. நிறையத் தண்ணீர். நடுவில் அண்ணனின் குரல்: “நிக்க மாட்டேங்குதுப்பா.”

“நிக்கும். ஏன் நிக்காது? வாஷர் போயிருக்கும். ஆர் உனக்கு அதைக் கழட்டச் சொன்னது?”

“நானாத்தான்…”

“கமராவைக் கிட்டக் காட்டு. எனக்கு ஒண்டும் தெரியேல்லை.” அப்பா சட்டைப் பையைத் தடவினார், மேசையைப் பார்த்தார், நின்றார். “ஹரி. வைக்காதை. இரு, கண்ணாடி எடுத்துக்கொண்டு வாறன்.”